திபெத்தியர்னு பதிவு... பேசுறது வேற மொழி! சீன மலைக்குள்ள கரையும் 'பைமா': என்ன நடக்குது அங்கே?

வெள்ளைக் கம்பளியில் செய்த தட்டையான தொப்பி. அதன் ஓரத்தில் செருகிய வெள்ளைச் சேவல் இறகு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்து சுற்றுலா படங்களில் இந்தத் தொப்பி அடிக்கடி வரும். போட்டோ எடுத்துக்கொள்ள பயணிகள் வரிசையில் நிற்பார்கள்.

ஆனால் அந்தத் தொப்பியைப் போட்டிருக்கும் பாட்டி, பேரனைச் சாப்பிடக் கூப்பிடும்போது பேசுகிற மொழி எது? இந்தக் கேள்விக்கு அரசின் இனப் பட்டியலில் பதில் கிடையாது. அந்தப் பட்டியலில் பாட்டி 'திபெத்தியர்'. அவர் பேசுவது திபெத்தியருக்கும் புரியாது, சீனருக்கும் புரியாது.

அந்த மொழிதான் பைமா. பேசுபவர்களின் சமூகமே மொத்தம் சுமார் 10,000 பேர். இந்த மொழி ஏன் ஆபத்தில் இருக்கிறது, அதற்கும் ஒரு அரசு வகைப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

சிச்சுவானின் தலைநகர் செங்டுவிலிருந்து வடக்கே போனால் மின்ஷான் மலைத்தொடர் வரும். சிச்சுவானும் கான்சு மாகாணமும் தொட்டுக்கொள்ளும் இடம். பாண்டா கரடிகளின் முக்கியமான காடுகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கின்றன பைமா கிராமங்கள்.

மூன்று மாவட்டங்களில் இவர்கள் அதிகம். சிச்சுவானில் பிங்வூ, ஜியூஜைகோ. கான்சுவில் வென். (இங்கே 'மாவட்டம்' என்பது சீனாவின் கவுண்டி. அளவில் நம்முடைய தாலுகாவையும் மாவட்டத்தையும் நடுவில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.) பிங்வூவில் இவர்கள் பெயரிலேயே ஒரு நிர்வாகப் பகுதி உண்டு: பைமா திபெத்திய இனச் சிற்றூராட்சி. வென் மாவட்டத்தில் டியேலோ திபெத்திய இனச் சிற்றூராட்சி. பெயரில் திபெத் இருந்தாலும் இவை எதுவும் திபெத் தன்னாட்சிப் பகுதியில் இல்லை. லாசா நகரம் இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம்.

'இனச் சிற்றூராட்சி'ன்னா என்ன?

சீனாவில் சிறுபான்மை இனங்களுக்கான தன்னாட்சி மூன்று அடுக்குகளில் உண்டு: பிராந்தியம், மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட பெருமாவட்டம், மாவட்டம். இந்த மூன்றிலும் அடங்காத அளவுக்குச் சின்னதாக இருக்கும் சிறுபான்மைக் குடியிருப்புகளுக்காக உருவானதுதான் இனச் சிற்றூராட்சி. நாடு முழுக்க சுமார் ஆயிரம் இருக்கின்றன.

1993ல் வந்த விதிமுறைப்படி, அந்த ஊராட்சியின் தலைவர் அந்த இனத்தவராக இருக்க வேண்டும். அலுவலகத்தில் உள்ளூரில் வழங்கும் மொழியைப் பயன்படுத்தலாம். பள்ளியிலும் அந்த இனத்தின் மொழியில் சொல்லிக்கொடுக்கலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் 'அந்த இனத்தின் மொழி' என்ற மூன்று வார்த்தையில் இருக்கிறது. இன்னொரு விஷயம், சிற்றூராட்சி என்பது தன்னாட்சி அமைப்பே கிடையாது. தனக்கென்று மொழிச் சட்டம் எதுவும் போட முடியாது.

இவங்க எப்படி திபெத்தியர் ஆனாங்க?

கதை இங்கேதான் சுவாரசியமாகிறது.

பழைய சீன ஆவணங்கள் மேற்கு மலைகளில் வாழ்ந்த பல கூட்டங்களை 'ஃபான்' என்று பொதுவாகக் குறிப்பிட்டன. நாகரிகம் இல்லாதவர்கள் என்ற இளக்காரம் அந்தச் சொல்லில் உண்டு. பைமா மக்களுக்கும் அதே பெயர்தான். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு, 1951ல் பிங்வூவில் திபெத்தியருக்கான தன்னாட்சிப் பகுதி அமைக்கப்பட்டது. பைமா மக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். பெரிய ஆய்வெல்லாம் அப்போது நடக்கவில்லை. பக்கத்தில் திபெத்தியர் இருக்கிறார்கள், இவர்களும் மலைவாசிகள், பேச்சில் சில சொற்கள் ஒத்துப்போகின்றன. முடிந்தது.

சீனா முழுக்கவே அப்போது யார் எந்த இனம் என்ற குழப்பம் இருந்தது. 1953 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் 400க்கும் மேற்பட்ட இனப் பெயர்கள் பதிவாகின. அதை வைத்துக்கொண்டு ஆட்சி நடத்த முடியாது என்று ஆய்வாளர்களை அனுப்பி, இணைத்து, பிரித்து, கடைசியில் 56 இனங்கள் என்று ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். 56வதாக ஜினோ என்ற யுன்னான் மாகாணத்து இனம் 1979ல் அங்கீகாரம் பெற்றது. கதவு அதோடு மூடியது.

அந்தக் கதவு மூடுவதற்குச் சற்று முன்பு பைமா மக்களும் தட்டிப் பார்த்தார்கள். 'நாங்கள் திபெத்தியர் இல்லை, தனி இனம்' என்ற கோரிக்கை 1970களில் மேலே போனது. சீனாவின் பெயர்பெற்ற சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தோங், 1978ல் ஆற்றிய ஒரு உரையில், இன்னும் தீர்க்க வேண்டிய இன அடையாளச் சிக்கல்களுக்கு உதாரணமாக பிங்வூ திபெத்தியரைக் குறிப்பிட்டார். ஆய்வுக் குழுக்கள் மலையேறின. கூட்டங்கள் நடந்தன. கட்டுரைகள் வெளியாகின.

முடிவு? ஜினோவுக்குக் கிடைத்தது, பைமாவுக்குக் கிடைக்கவில்லை. இன்றும் பதிவில் திபெத்தியர்தான்.

தனி இனம் என்று சொன்னவர்கள் கையில் என்ன ஆதாரம்? முக்கியமானது, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் சிமா சியான் எழுதிய சீன வரலாற்று நூல். அதில் இதே வட்டாரத்து 'தீ' என்ற மக்கள் கூட்டத்தைப் பற்றி வருகிறது. அவர்களில் பெரிய பிரிவின் பெயர் என்ன தெரியுமா? பைமா. சீனத்தில் 'வெள்ளைக் குதிரை' என்று பொருள். அந்தத் தீ மக்கள் பின்னாளில் வட சீனாவில் அரசே நடத்தினார்கள். பிறகு வரலாற்றிலிருந்து காணாமல் போனார்கள். இன்றைய பைமா மக்கள் அவர்களின் எச்சம் என்பது ஒரு தரப்பின் நம்பிக்கை.

எதிர்த் தரப்பு வேறு கதை சொல்லும். 7ம் நூற்றாண்டில் திபெத்தியப் பேரரசு கிழக்கே விரிந்தபோது இந்த மலைகளுக்கு வந்த படைகளோடு இவர்களின் வரலாற்றை இணைக்கும். ஒரே பெயர் என்பதற்காக 2,000 வருடத்தை ஒரே கோடாக இழுக்க முடியாது என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

மொழியா? வட்டார வழக்கா?

பைமா மக்கள் தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் பெயர் 'பெ'. திபெத்தியர்கள் தங்கள் நாட்டையும் இனத்தையும் எழுத்தில் 'போத்' என்று எழுதுவார்கள். கடைசி மெய் உதிர்ந்து, உயிர் திரிந்தால் போத், பெ ஆகும். இரண்டும் ஒரே சொல் என்பது பைமாவைத் திபெத்தியம் என்று சொல்பவர்களின் வாதம்.

இந்த ஒரு சொல்லிலேயே பைமாவின் குணம் தெரிந்துவிடுகிறது. பழைய திபெத்தியத்தில் சொல்லின் முன்னும் பின்னும் மெய்கள் குவிந்து கிடக்கும். பைமாவில் அவை பெரும்பாலும் கரைந்து, அசைகள் எளிமையாகிவிட்டன. அதற்குப் பதிலாகக் குரலின் ஏற்ற இறக்கம் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும், நம்மைப் போல. 'நான் சோறு சாப்பிட்டேன்' என்ற வரிசை. சீனத்தில் 'நான் சாப்பிட்டேன் சோறு'. அதாவது பைமா குழந்தை சீனத்துக்கு மாறும்போது சொற்களோடு சேர்த்து வாக்கியத்தின் கட்டுமானத்தையே மாற்றிக்கொள்கிறது.

சீன மொழியியலாளர் சுன் ஹொங்காய், பைமா ஒரு தனி மொழி என்று தொடர்ந்து வாதிட்டவர். 1990ல் ஜப்பானின் நிஷிதா தட்சுவோவுடன் சேர்ந்து பைமா பற்றி ஒரு ஆய்வு நூலும் எழுதினார். ஆனால் 1990களின் நடுவில் ஜாங் ஜிசுவான், ஹுவாங் பூஃபான் போன்ற திபெத்திய மொழி வல்லுநர்கள் மறுத்தார்கள். சொற்களை ஒப்பிட்டு, இது திபெத்தியத்தின் ஒரு வழக்குதான் என்று எழுதினார்கள்.

பிரான்சின் தேசிய ஆய்வு மையத்தைச் சேர்ந்த காட்யா சிர்கோவா 2000களில் இந்த மலைக்கு வந்து களஆய்வு செய்தார். அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதிக்குத் திபெத்திய மூலம் காட்ட முடிகிறது. ஆனால் எங்கிருந்து வந்தன என்றே பிடிபடாத சொற்களும் இருக்கின்றன. ஏற்கனவே வேறு மொழி பேசியவர்கள் திபெத்தியத்துக்கு மாறினார்களா, அல்லது திபெத்தியம் பேசியவர்கள் பல நூறு ஆண்டுகள் தனித்துக் கிடந்ததில் இப்படி ஆனதா? விவாதம் ஓய்ந்தபாடில்லை.

என்னைக் கேட்டால், கிராமத்தில் இருப்பவருக்கு இந்த விவாதத்தின் முடிவு அவ்வளவு முக்கியமே இல்லை. பக்கத்து சோங்பான் மாவட்டத்துத் திபெத்தியரோடு அவர் தன் மொழியில் பேசினால் புரியாது. இருவரும் சிச்சுவான் சீனத்துக்கு மாறினால்தான் வியாபாரம் நடக்கும். புரியாத ஒன்றை 'உன் மொழியின் வழக்குதான்' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் முக்கியம்.

ஒரு வரிப் பதிவு, வீட்டுக்குள்ள என்ன செய்யும்?

சீன அரசியல் சட்டத்தின் 4வது பிரிவு, எல்லா இனங்களுக்கும் தங்கள் மொழியையும் எழுத்தையும் பயன்படுத்த, வளர்க்க சுதந்திரம் உண்டு என்கிறது. உரிமை இனத்துக்கு. திபெத்திய இனத்தின் மொழி திபெத்தியம். ஆக, பைமா குழந்தைக்கு 'தாய்மொழிக் கல்வி' கொடுக்க அரசு முன்வந்தாலும், சட்டப்படி அது திபெத்தியத்தில்தான் இருக்கும். அந்தக் குழந்தைக்கு அது இரண்டாவது அந்நிய மொழி. முதலாவது சீனம்.

அதனால் நடைமுறையில் என்ன ஆகிறது? பாடப்புத்தகம் சீனத்தில். அரசு அலுவலக மனு சீனத்தில். டிவி, போன், எல்லாம் சீனத்தில். பைமாவுக்கென்று எழுத்து கிடையாது. சடங்கு செய்யும் பூசாரிகளிடம் மட்டும் திபெத்திய எழுத்தில் பழைய ஏடுகள் இருந்து வந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் ஒருசிலர்தான். கடிதம் எழுதவோ, கடைக் கணக்குப் போடவோ அந்த எழுத்து பயன்பட்டதில்லை.

இதோடு பள்ளிக்கூடம் தூரமாகப் போன கதையும் உண்டு. 2001லிருந்து சீனா முழுக்க கிராமத்துச் சிறு பள்ளிகளை மூடி, டவுன் பள்ளிகளோடு இணைத்தார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்க வேண்டிய நிலை. 2012ல் அந்தக் கொள்கைக்கு அரசே கடிவாளம் போட்டது. அதற்குள் பல்லாயிரம் பள்ளிகள் போய்விட்டன. ஏழு வயதில் விடுதிக்குப் போகும் பிள்ளை, பாட்டியோடு பேசுவது விடுமுறையில் மட்டும். ஒரு மொழி கைமாற வேண்டிய வயது சரியாக அதுதான்.

பிறகு 2021. அந்த ஆண்டு கல்வியாண்டுத் தொடக்கத்திலிருந்து, சிறுபான்மைப் பகுதி மழலையர் பள்ளிகளிலும் பொதுச் சீன மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்று சீனக் கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. அதாவது ஏழு வயது என்பது இப்போது மூன்று வயதாகிவிட்டது.

பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல சீனம் பேசினால் நல்ல மதிப்பெண், நகரத்தில் வேலை. வீட்டிலேயே சீனத்தில் பேசிப் பழக்குகிறவர்கள் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத்தான் செய்கிறார்கள்.

திபெத்தியத்துக்கே ஆபத்துன்னு சொல்றாங்களே?

உண்மைதான். திபெத்திய மொழிக் கல்விக்காகக் குரல் கொடுத்த தாஷி வாங்சுக் என்ற கடைக்காரருக்கு 2018ல் ஐந்து ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 2021ல்தான் வெளியே வந்தார். சுமார் 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகள் அரசு விடுதிப் பள்ளிகளில் இருப்பதாக 2023ல் ஐ.நா. நிபுணர்கள் கவலை தெரிவித்தார்கள். சீனா அதை மறுத்தது.

பைமா போன்ற மொழிகளின் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. திபெத்தியத்துக்காவது எழுத்து, இலக்கியம், மடங்கள், உலகம் முழுக்க ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். திபெத்தியர் என்ற கணக்கில் வரும் மக்கள் பேசும் மற்ற மொழிகள் டஜன் கணக்கில் உண்டு. மன்யக், எர்சு, ஷுமி என்று பெயர்களைக் கேட்டாலே பலருக்குப் புதிதாக இருக்கும். இவற்றைத் தனி மொழி என்று உரக்கச் சொன்னால் 'திபெத்தியரைப் பிரிக்கப் பார்க்கிறார்கள்' என்ற சந்தேகம் ஒரு பக்கம் எழும். அரசுக்கோ 57வது இனம் என்ற பேச்சே வேண்டாம். இரண்டு பக்கமும் வாய் திறக்க முடியாத இடம்.

சுன் ஹொங்காயும் மற்ற சிலரும் தொகுத்து 2007ல் வெளிவந்த 'சீனாவின் மொழிகள்' என்ற பெரிய நூல் 129 மொழிகளை விவரிக்கிறது. அதில் பைமாவும் ஒன்று. இனம் 56, மொழி 129. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் இந்த மொழிகள் எல்லாம் விழுந்து கிடக்கின்றன.

(சீனாவில் மட்டுமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவிலும் 1971க்குப் பிறகு, 10,000 பேருக்குக் குறைவானவர்கள் பேசும் மொழிகளின் பெயர் மக்கள் தொகைக் கணக்கில் தனியாக வெளியாவதில்லை. பைமா இங்கே இருந்திருந்தால் அந்தக் கோட்டின் மேலேயே தடுமாறிக்கொண்டு நின்றிருக்கும்.)

சுற்றுலா காப்பாத்துமா?

இந்த மலையின் வருமானம் முதலில் மரம். அரசு நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் வெட்டின. 1998ல் பெருவெள்ளம் வந்து, காடு வெட்டத் தடை போட்டதும் அந்தப் பிழைப்பு நின்றது. அடுத்து வந்தது சுற்றுலா. உலகப் புகழ் பெற்ற ஜியூஜைகோ பள்ளத்தாக்குக்குப் போகும் பாதைகளில் ஒன்று பைமா வழியாகப் போகிறது. வாங்லாங் பாண்டா காப்பகமும் இங்கேயே. ஆற்றில் ஷுய்னியூஜியா அணை கட்டியதில் உருவான ஏரியும் இப்போது ஒரு பார்வையிடம்.

வீடுகள் விடுதிகளாயின. இரவில் தீ மூட்டி, வட்டமாகக் கைகோர்த்து ஆடும் ஆட்டம். விருந்தாளிக்குப் பாட்டுப் பாடி மது கொடுக்கும் வழக்கம். சீனப் புத்தாண்டை ஒட்டி மரத்தில் செதுக்கிய பயங்கர முகமூடி போட்டு, கெட்ட ஆவிகளை விரட்டும் சடங்கு ஆட்டம். பிங்வூவில் அதற்கு 'சாவ்காய்' என்று பெயர். வென் பக்கம் 'ச்சிகெ'. வென் பக்கத்து ஆட்டம் தேசிய பாரம்பரியக் கலைப் பட்டியலிலும் ஏறியிருக்கிறது.

பணம் வருகிறது, இளைஞர்களில் சிலராவது ஊரிலேயே இருக்கிறார்கள், தொப்பி போட வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. இதெல்லாம் லாபம்தான். ஆனால் விருந்தாளி சீனத்தில் பேசுகிறார். ரூம் வாடகை, மெனு, கதை சொல்வது, எல்லாமே சீனத்தில். பாட்டு மட்டும் பைமாவில். ஆட்டத்தையும் இறகையும் மேடையில் காட்டலாம். 'தண்ணியை மூடி வை', 'வழுக்கும், பார்த்து நட' போன்ற பேச்சை எந்த மேடையில் காட்டுவது?

அந்தச் சேவல் இறகுக்கு ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் எதிரிகளிடம் தப்பி ஓடிக் களைத்து பைமா மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். இரவோடு இரவாக எதிரிகள் சூழ்ந்தபோது ஒரு வெள்ளைச் சேவல் கூவி எழுப்பிவிட்டதாம். அந்த நன்றிக்குத்தான் இறகு. வழிகாட்டிகள் இந்தக் கதையை இப்போது பயணிகளுக்கு மைக்கில் சொல்கிறார்கள். சீனத்தில்.

பதிவு செய்யும் வேலை எதுவும் நடக்குதா?

நடக்கிறது. 2015ல் சீன அரசு ஒரு பெரிய மொழிப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுக்க வட்டார வழக்குகளையும் சிறுபான்மை மொழிகளையும் ஒலி, ஒளிப் பதிவு செய்து சேமிக்கும் திட்டம். வெளிநாட்டு, உள்நாட்டு ஆய்வாளர்கள் சொற்களும் கதைகளும் சேகரிக்கிறார்கள். பைமா ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுவதால், பிங்வூ பேச்சைப் பதிவு செய்தால் வென் பேச்சும் சேர்ந்துவிட்டதாக நினைக்க முடியாது. இரண்டுக்கும் தனியாக உழைக்க வேண்டும்.

பதிவு ஒரு பக்கம் நடக்கட்டும். பிள்ளைகள் பேசுகிறார்களா என்று எண்ணிப் பார்க்க அரசிடம் வழியே இல்லை. சீன மக்கள் தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம் உண்டு. தாய்மொழி கேட்கும் கட்டம் கிடையாது. கடைசியாக 2020ல் எடுத்தார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் அடுத்தது 2030ல். பைமா வீடுகளில் அன்றைக்கும் அந்த ஒரு கட்டத்தில் நிரப்பக்கூடிய பதில் 'திபெத்தியர்'.